கோம்பைச் சாலையின் இடது பக்கம்

தேனியிலிருந்து கம்பம் வரை மண்ணுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருவன் மண்ணைப் படைத்தவன். மற்றவர் உத்தமபாளையம் சம்சுதீன்.

இதைச் சொன்னவரும் சம்சுதீன்தான். செவ்வாய்க்கிழமை காலை, இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார். அவர் மனைவி மதீனா அவருக்கும் சேர்த்து ஒரு முறை பாவமன்னிப்புக் கேட்டுவிட்டுச் சட்னியை ஊற்றினாள்.

"அவனுக்கு அடுத்து நான்னுதான சொன்னேன். சமம்னா சொன்னேன்?" என்றார்.

சம்சுதீன் வேலை பார்ப்பது நகர ஒளியிழைக் கழகத்தில். கழகம் என்றாலும் கட்சி இல்லை. கொடி கிடையாது, கோஷ்டி மட்டும் உண்டு. பள்ளத்தாக்கில் இருக்கும் வங்கி, ஆஸ்பத்திரி, மார்க்கெட் கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் கண்ணாடி நூல் கேபிளை மண்ணுக்குள் பதித்துப் பராமரிப்பது அதன் வேலை. கழகம் தொடங்கிய நாளிலிருந்து இவர்தான் வழித்தட மேற்பார்வையாளர். இந்த மாதக் கடைசியில் ஓய்வு. ஒரு வருடம் நீட்டிப்புக் கேட்டு எழுதியிருந்தார். 'கேபிள் எங்கே ஓடுகிறது என்கிற விவரம் என் தலையில் மட்டுமே உள்ளது' என்பது அந்த விண்ணப்பத்தில் சொல்லப்பட்ட ஒரே காரணம்.

இப்படித் தலைகளில் இருப்பதையெல்லாம் கணினிக்கு மாற்றுகிற மென்பொருள் ஒன்றை வாங்கலாமா என்று கழகம் மூன்று மாதமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கோவைக் கம்பெனி ஒன்றின் சரக்கு. அதைத் தேனியில் இயக்கிக் காட்ட அந்தக் கம்பெனி ஒரு பொறியாளரை நியமித்திருந்தது. வயது இருபத்துமூன்று. பெயர் சமீனா. தகப்பனார் பெயர் சம்சுதீன்.

போன சனிக்கிழமைதான் நிலவரம் வீட்டில் முழுசாக விளங்கியது. கமிட்டி மென்பொருளை வாங்கினால் சமீனாவுக்குத் தேனியிலேயே வேலை நிரந்தரம், அத்தாவுக்கு நீட்டிப்பு இல்லை. வாங்காவிட்டால் அத்தாவுக்கு நீட்டிப்பு, அவளுக்கு வேலை இல்லை. ஒரே உலையில் வெந்த சோற்றைத் தின்கிற இரண்டு பேருக்கு இப்படி அமைவது அபூர்வம். அன்றிலிருந்து இருவரும் மதீனா வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

"அம்மா, எட்டே கால் பஸ்ஸுன்னு அத்தாட்ட சொல்லுங்க."

"என்னங்க, எட்டே கால் பஸ்ஸாம்."

"பஸ்ஸு நேரமெல்லாம் எனக்குத் தலையில இருக்குன்னு சொல்லு."

மதீனா அதைச் சொல்லவில்லை. நாலு அடி தூரத்தில் நிற்கிறவளிடம் திருப்பிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது. அவளுடைய கவலை வேறு. ஓய்வு பெற்ற சம்சுதீன் பகல் முழுக்க வீட்டில் இருப்பார், மிளகாய்ப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்பதையும் தலையில் ஏற்றிக்கொள்வார்.

எட்டே கால் பஸ்ஸில் மகள் முன்பக்கம் உட்கார்ந்தாள். தகப்பன் பின்பக்கம் நின்றார். சின்னமனூரில் இடம் காலியானது, ஆனால் அது மகளுக்கு அடுத்த இருக்கை. தேனி வரை நின்றே வந்தார்.

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் நிர்வாகப் பொறியாளர் வைகுண்டராஜ். கடவுள் நேரில் வந்தாலும் கோப்பு எண் கேட்கக்கூடியவர். அவர் முன்னால் டீ, மிக்சர், மென்பொருளின் விளக்கக் குறிப்பு மூன்றும் இருந்தன. முதல் இரண்டு தீர்ந்திருந்தன.

சமீனா திரையைக் காட்டிப் பேசினாள். சாலைகள் வெள்ளைக் கோடு, கேபிள் சிவப்புக் கோடு, மூட்டுகள் பச்சைப் புள்ளி. கழகத்தின் பழைய வரைபடங்கள் இருநூற்றுச் சொச்சத்தையும் மூன்று மாதத்தில் ஏற்றியாயிற்று. எங்கே அறுந்தாலும் இடத்தைச் சொல்லிவிடும். இனி யாருடைய ஞாபகத்தையும் நம்பி இருக்க வேண்டாம். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

கையில் மிக்சரோடு சுவரோரம் நின்ற சம்சுதீனுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கு எல்லாத்தையும் நாம ஓதிக் குடுக்கணும் சார். ஓதிக் குடுத்ததை அது திருப்பிச் சொல்லும். கிளிதான். என்ன, கிளியாவது சீட்டு எடுக்கும்" என்றார்.

கமிட்டி சிரித்தது. சமீனா சிரிப்பு முடியும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பத்து ஐம்பதுக்கு போன் வந்தது. கோம்பையிலிருந்து தேவாரம் வரை ஒன்றும் வேலை செய்யவில்லை. ஏ.டி.எம். இல்லை, வங்கி இல்லை, ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் இல்லை. உத்தமபாளையம் அறையில் இருக்கும் கருவி கேபிளுக்குள் ஒளியை விட்டுப் பார்த்து, ஆறாயிரத்து எண்ணூறாவது மீட்டரில் முறிவு என்றது.

சமீனா அந்த எண்ணைத் தட்டினாள். திரையில் ஒரு புள்ளி துடித்தது.

"கோம்பைச் சாலை. மாட்டாஸ்பத்திரி தாண்டி அடுத்த ஓட்டு வீடு. ரோட்டுக்கு இடது பக்கம், தார் விளிம்பிலேருந்து நாலு அடி" என்று வாசித்தாள்.

வைகுண்டராஜ் எழுந்தே நின்றுவிட்டார். நாலு அடி என்றுகூடச் சொல்கிறதே என்று இரு பக்கத்திலும் இருந்தவர்களிடம் தனித்தனியாகச் சொன்னார். இதைவிடச் சோதனை வேண்டுமா, இப்போதே தோண்டட்டும், கேபிள் கிடைத்தால் நாளை காலை பத்து மணிக்கு வாங்குவதாகத் தீர்மானம் என்றார்.

மாட்டாஸ்பத்திரி தாண்டி ஓட்டு வீடு. சம்சுதீன் வாயைத் திறந்தார். கையிலிருந்த மிக்சரை உள்ளே போட்டார். மூடிக்கொண்டார்.

அந்த வீட்டுக்கு முன்னால் கேபிள் இடது பக்கம் ஓடவில்லை. வலது பக்கம் ஓடுகிறது. 2001இல் பதிக்கும்போது அங்கே மட்டும் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், இருநூறு அடி ஓடி, மறுபடி இந்தப் பக்கம் வந்தது. வரைபடத்தில் முழு நீளமும் இடது பக்கம். சரிபார்த்ததாகக் கீழே கையெழுத்துப் போட்டவர் சம்சுதீன்.

இப்போது வாயைத் திறந்தால் மென்பொருள் பிழைக்கும், மகள் பிழைப்பாள், விசாரணை வரும், நீட்டிப்பு போகும். திறக்காவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை.

கோம்பையில் கழகத்தின் பழைய ஆள் சுருளியாண்டியும் இன்னும் மூன்று ஆட்களும் பதினொன்றரைக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் தேனியிலிருந்து சமீனாவும் வந்து சேர்ந்தாள். கேபிள் ஐந்தரை அடி ஆழத்தில் இருக்க வேண்டும். ஒரு மணிக்கு ஐந்தரை அடி வந்தது. கேபிள் வரவில்லை. இரண்டு பக்கமும் அகலப்படுத்தினார்கள். ஒரு கல், ஒரு செருப்பு, சாராயப் பாட்டில் ஒன்று. பத்தடி தள்ளி இரண்டாவது குழி. அதில் செருப்புகூட இல்லை.

வைகுண்டராஜ் கால் மணிக்கு ஒரு முறை போன் செய்தார். நாலு அடியா, நாற்பது அடியா என்று கேட்டார். கமிட்டி சாப்பிடப் போயிருக்கிறது என்றார். கமிட்டி சாப்பிட்டு வந்துவிட்டது என்றார்.

குழியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. பணம் எடுக்க முடியாத ஒருவர், வங்கிக்காரர்கள் பணத்தை ஒளித்துவைக்கத்தான் குழி தோண்டுகிறார்கள் என்று தன் மச்சானுக்கு விளக்கினார். வங்கி மேலாளர் பைக்கில் வந்து, இது எப்போது முடியும் என்று கேட்டு, பதில் வருவதற்குள் போனார், மறுபடி வந்தார்.

சுருளியாண்டி அடிக்கடி கடப்பாரையை ஊன்றிவிட்டுச் சாலையின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு சமீனாவைப் பார்த்தார். பிறகு மழை வருமா என்பதுபோல வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

"அங்கிட்டு என்னண்ணே இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. பாய் வந்தாகன்னா சொல்லுவாக."

அவளுக்கு லேசாக உறைத்தது. எதிர்ப்பக்கம் ஒரு குழி போட்டுப் பார்க்கலாமா என்று வைகுண்டராஜிடம் போனில் கேட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார். வரைபடத்தில் இடது என்று இருக்கிறது. அதன் கீழே கையெழுத்து இருக்கிறது, அதன் மேல் முத்திரை இருக்கிறது. சாலைத் துறையின் அனுமதியும் இடது பக்கத்துக்குத்தான். வலது பக்கம் தோண்ட எழுதிக் கேட்க வேண்டும், நாலு நாள் ஆகும். ஆகவே கேபிள் இடது பக்கம்தான் இருக்கிறது.

இரண்டரை மணிக்கு மூன்றாவது குழியும் வெறுங்குழி என்று தெரிந்தது. தேனியிலிருந்து ஜீப் புறப்பட்டது. முன்னால் வைகுண்டராஜ், பின்னால் சம்சுதீன்.

ஜீப்பை விட்டு இறங்கிய சம்சுதீன் குழிகளைப் பார்க்கவில்லை. குழிகளுக்குப் பக்கத்தில் நின்றவளையும் பார்க்கவில்லை. நேராகச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து நடந்தார். ஓரிடத்தில் தரையில் வட்டமாக ஒரு துளை. முந்தின நாள் யார் வீட்டிலோ காதணி விழா. அதற்குப் பிளெக்ஸ் போர்டு நட்டு இரும்புக் குழாயை அடித்திருக்கிறார்கள். தாய்மாமன்மார் ஏழு பேர் படம் போட்ட போர்டு என்பதால் குழாயும் கனமானது, இயந்திரம் வைத்து ஆறடி இறக்கியிருக்கிறார்கள். விழா முடிந்து இன்று காலைதான் அதை ஆட்டிப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"இங்கன" என்றார் சம்சுதீன்.

அனுமதி என்று யாரோ இழுத்தார்கள். அவசரம் என்று எழுதிக்கொள்ளலாம் என்றார் வைகுண்டராஜ்.

முக்கால் மணி நேரத்தில் கேபிள் கிடைத்தது. பாதி நசுங்கி, கரும்புச் சக்கைபோல. மென்பொருள் சொன்ன புள்ளிக்கு நேர் எதிரே இருந்தது. தூரத்தில் ஒரு அடிகூடத் தப்பில்லை. பக்கம் ஒன்றுதான் தப்பு. அதை யாரும் கவனிக்கவில்லை. கூட்டம் கை தட்டியது. வங்கி மேலாளர் சம்சுதீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனிதத் தலைக்கு முன்னால் எந்த இயந்திரமும் நிற்காது என்று வைகுண்டராஜ் பேசினார். காலையில் எழுந்து நின்றதை அவர் மறந்துவிட்டிருந்தார்.

பிறகு சமீனாவைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, தகவல் பிழைக்கு அதைப் பதிவு செய்தவரே பொறுப்பு என்று ஒரு விளக்கக் கடிதம் நாளை பத்து மணிக்குள் வேண்டும் என்றார். அதை வைத்துத்தான் கம்பெனியின் மென்பொருளைத் திருப்பி அனுப்ப முடியும். கோப்பில் காரணம் இருக்க வேண்டும் அல்லவா.

அவள் ஓட்டு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். அந்த வீட்டுச் சங்கிலியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். காலையிலிருந்து மூன்று குழியையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"இங்கிட்டுத் தோண்டுனா எப்படிக் கெடைக்கும் தாயி? அன்னைக்கே இங்கிட்டுச் சுண்ணாம்புக் கோடுதான் போட்டாக. எங்க நாயி விடல. ரெண்டு பேரைக் கடிச்சிருச்சு. அந்தா நிக்கிறானே சுருளியாண்டி, அவனுக்குக் கெண்டைக்கால்ல இன்னும் தழும்பு இருக்கும். எங்க வீட்டைத் தாண்டுற வரைக்கும் எதிர்ப்பக்கமாத் தோண்டிக்கிட்டுப் போனாக."

சமீனா சொம்பைக் கீழே வைத்தாள். "நாயைக் கட்டி வெச்சிருக்கலாமில்லம்மா."

சங்கிலியம்மாள் முகம் சுருங்கிவிட்டது. "கோம்பை நாயைக் கட்டி வெக்கிறதா?"

அந்த வேலைக்கு யார் நின்று பார்த்தார்கள் என்று கேட்டாள். சங்கிலியம்மாள், கை குலுக்கல் நடந்துகொண்டிருந்த பக்கம் தாடையால் காட்டினாள்.

"நாயி செத்தே பத்து வருசமாச்சு" என்றாள், போகிற போக்கில்.

கேபிளை ஒட்டும் வேலை நடக்கிற இடத்தில் சம்சுதீன் தனியாக நின்றிருந்தார். சமீனா வந்து பக்கத்தில் நின்றாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக நேரடியாகப் பேசினாள்.

"காலையில எடத்தைச் சொன்னப்பவே ஒங்களுக்குத் தெரியும்."

"எந்த எடம்?"

"அத்தா. மூணு குழி தோண்டியிருக்கேன்."

அவர் ஒட்டுகிறவனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கம் மாறுதுன்னு எழுதியிருந்தா ரோட்டுக்காரன்ட்ட மறுபடி அனுமதிக்கு அலையணும். மூணு மாசம் ஆத்தா. வரைபடத்துல எப்படிக் கேட்டாகளோ அப்படி எழுதிருவோம். நெலத்துல எப்படி முடியுதோ அப்படிப் போட்ருவோம். எல்லாரும் அப்படித்தான் செஞ்சாக."

"அப்ப இன்னும் எத்தனை எடம்?"

அவர் குனிந்து ஒட்டுகிறவனுக்கு டேப்பை எடுத்துக் கொடுத்தார்.

"நாளைக்கு எழுதிக் குடுத்துர்றேன்" என்றாள். "தப்பு என்னுதுன்னு. வரைபடத்துல இருந்த கையெழுத்தைப் பத்தி எழுத மாட்டேன். எழுதினா ஒங்கள விசாரணைக்குக் கூப்புடுவாக. அம்மாவால அதெல்லாம் தாங்க முடியாது."

"சமீனா."

"மென்பொருள்ல அதை என்னால திருத்தவும் முடியாது. கையெழுத்துப் போட்டவுக பேர்லதான் திருத்தம் ஏறும். நீங்க சொன்னீகள்ல, கிளின்னு. சரியாத்தான் சொன்னீக. நீங்க ஓதிக் குடுத்ததைத்தான் அது சொல்லுச்சு."

ஐந்து மணிக்கு உத்தமபாளையம் பஸ் நிலையத்தில் ஜீப் நின்றது. சமீனா இறங்கினாள். வழக்கமாக, எங்கே பிரிந்தாலும், "வர்றேன் அத்தா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். சண்டை நாட்களிலும் முதுகைக் காட்டிக்கொண்டு அதைச் சொன்னவள். இன்று சொல்லவில்லை. கைக்குட்டையால் கணுக்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள், நடந்தாள்.

சம்சுதீனும் அங்கேதான் இறங்க வேண்டும். இறங்கவில்லை. குடையை ஆபீசில் வைத்துவிட்டதாக வைகுண்டராஜிடம் சொன்னார். மூன்று வாரமாக மழை இல்லை. வைகுண்டராஜ் தன் பேச்சில் இருந்ததால் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆபீசில் பதிவாளர் ஜெபமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றாள். சம்சுதீன் மேஜை, பீரோ, ஜன்னல் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு, அந்த மென்பொருள் பெட்டி எப்படித் திறக்கிறது என்று கேட்டார். கேட்ட குரல், பக்கத்துத் தெருவில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று விசாரிக்கிற குரல்.

ஜெபமணி பையை இறக்கி வைத்தாள். "உங்க பேர்ல ஒரு கணக்கு ரெண்டு மாசமாத் தொறக்காமக் கெடக்கு சார். சமீனாதான் போட்டு வெச்சாக. உங்க ஊழியர் எண்ணுதான் கடவுச்சொல்."

கணினியைப் போட்டுக் கொடுத்து, எலியை நகர்த்திக் காட்டிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள். போகும்போது கதவைச் சும்மா சாத்தச் சொன்னார்.

ஒற்றை விரலால் ஊழியர் எண்ணைத் தட்டினார். பள்ளத்தாக்கு முழுவதும் திரையில் விரிந்தது. அவர் கால்பட்ட சாலைகள் எல்லாம் வெள்ளைக் கோடுகளாகக் கிடந்தன. கோம்பைச் சாலையைக் கண்டுபிடித்தார். மாட்டாஸ்பத்திரியைக் கண்டுபிடித்தார். சிவப்புக் கோட்டைப் பிடித்து வலது பக்கம் இழுத்தார். கேபிள் போடி மலைமேல் ஏறிவிட்டது. இறக்கினார். வைகை அணைக்குள் விழுந்தது. அங்கிருந்து மீட்டார். நாலாவது முயற்சியில், ஓட்டு வீட்டுக்கு எதிரே, வலது பக்கம், இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது.

திரையில் ஒரு கட்டம் வந்தது. திருத்துபவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் தானாகவே ஏறியிருந்தது. நாளும் நேரமும் ஏறியிருந்தன. காரணம் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

நிர்வாகக் காரணங்களால் என்று எழுதலாமா என்று யோசித்தார். ஆங்கிலத்தில் அது நீளம். சுருக்கமான உண்மைக்கு மூன்றே எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் விசைப்பலகையில் தேடிக் கண்டுபிடித்து, நாய் என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

அழுத்தப் போகும்போது கைபேசி ஒலித்தது. வைகுண்டராஜ். வீட்டுக்குப் போகிற வழியில் பேசினார்.

"பாய், ஒங்க நீட்டிப்புக்கு இப்பத்தான் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில பத்து மணிக்குக் கமிட்டில வெக்கிறோம், முடிஞ்சது. ஒங்க தலைக்காகத்தான் பாய். வீட்டுல இனிப்புச் செய்யச் சொல்லுங்க."

"ரொம்ப நன்றி சார்" என்றார் சம்சுதீன். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பதிவு செய் என்பதை அழுத்தினார்.

வட்டம் ஒன்று சுற்றியது. திருத்தம் ஏற்கப்பட்டது, நிர்வாகப் பொறியாளருக்குத் தகவல் அனுப்பப்பட்டது என்று வந்தது. தகவல் அனுப்பும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த வரியை இன்னொரு முறை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

அது மறைந்து இன்னொன்று வந்தது. நீங்கள் கையெழுத்திட்ட வேறு தடங்களிலும் திருத்தம் உண்டா? உண்டு. இல்லை. இரண்டில் ஒன்றை அழுத்தவும்.

சம்சுதீன் எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். திரும்பி வந்து, நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலாவதை அழுத்தினார்.